1,800 சதுர அடி, முதல் மாடி, 25 லட்சம்: எந்த மெஷின் வாங்கலாம்?

காவிரிக்கரை:
வணக்கம். திருச்சி உறையூர் பக்கம் ஜிம் போடப் போகிறேன். முதல் மாடி, 1,800 சதுர அடி, அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது. கருவிகளுக்கு மட்டும் 25 லட்சம், பாதி கையிருப்பு, பாதி கடன். கடைக்காரர் ஒருவர் 'ஃபுல் செட்டப்' என்று கொட்டேஷன் அனுப்பியிருக்கிறார். டிரெட்மில் 6, எலிப்டிகல் 3, ஸ்பின் பைக் 4, எட்டு ஸ்டேஷன் மல்டி ஜிம் ஒன்று, பின் போட்டு எடை மாற்றும் மெஷின்கள் 10, ஸ்மித் மெஷின் (பார்பெல் செங்குத்துக் கம்பிகளில் மட்டும் ஏறி இறங்குவது) ஒன்று, டம்பெல் 2.5 முதல் 25 கிலோ வரை ஒரு செட், பெஞ்ச் இரண்டு. பக்கத்திலேயே இரண்டு ஜிம் இருக்கின்றன, இரண்டிலும் மாதம் 800, 900 ரூபாய்தான். உள்நாட்டுத் தயாரிப்பே போதுமா, இல்லை டிரெட்மில் மட்டுமாவது மேட்ரிக்ஸ், லைஃப் ஃபிட்னஸ் மாதிரி வெளிநாட்டு பிராண்டுக்குப் போகலாமா?

இரும்புப்பட்டறை:
தம்பி, பிராண்ட் கடைசிக் கேள்வி. சேலத்தில் ரொம்ப வருடமாக ஜிம் நடத்துகிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன். உங்கள் கொட்டேஷனை யாருக்காகப் போட்டார் என்று அந்தக் கடைக்காரரையே கேளுங்கள், பதில் இருக்காது. வாசலில் போர்டு வைப்பவர் எல்லோருக்கும் அதே பட்டியல்தான் போகிறது.

அமெரிக்காவில் பிளானட் ஃபிட்னஸ் என்று ஒரு ஜிம் நிறுவனம், 1992-இல் நியூ ஹாம்ப்ஷயரில் தொடங்கியது. நீண்ட காலம் மாதம் 10 டாலர்தான் ஆரம்பக் கட்டணம், 2024-இல்தான் புதிதாகச் சேருகிறவர்களுக்கு 15 ஆக்கினார்கள். உள்ளே போனால் டிரெட்மில் வரிசை வரிசையாக நிற்கும், ஆனால் பார்பெல் கிடையாது, ஸ்குவாட் ரேக் (பார்பெல்லைத் தாங்கும் இரும்புச் சட்டம்) கிடையாது, ஸ்மித் மெஷின்தான். எடையை 'தொம்' என்று போட்டால் சைரன் வேறு அடிக்கும். இரும்பு வாங்கக் காசில்லாமல் இல்லை. தினமும் இரண்டு மணி நேரம் ரேக்கைப் பிடித்துக்கொள்கிற ஆள் அவர்களுக்கு வேண்டாம். மாதச் சந்தா கட்டிவிட்டு எப்போதாவது வருகிற ஆயிரக்கணக்கான பேர் வேண்டும். அவர்கள் பயப்படாமல் உள்ளே வர என்ன வேண்டுமோ அதை வாங்கிப் போட்டார்கள், பயமுறுத்துவதை எடுத்துவிட்டார்கள்.

அந்தக் கணக்கு பெரிய இடத்துக்கு, பெரிய கூட்டத்துக்கு. உங்கள் கொட்டேஷன் அதன் குட்டி நகல், 1,800 சதுர அடியில். கழிப்பறை, ரிசப்ஷன், நடைபாதை போனால் 1,400 மிஞ்சும். ஆளுக்கு 45 சதுர அடி என்று வைத்தால் ஒரே நேரத்தில் 30 பேர். காலை 6 முதல் 8, மாலை 6 முதல் 9, இந்த நேரத்தில் அந்த 30 பேர் என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். அப்புறம் மெஷின் பற்றிப் பேசலாம்.

காவிரிக்கரை:
அண்ணே, புரிகிறது. ஆனால் சேர வருகிறவர்கள் முதலில் கேட்பதே 'டிரெட்மில் எத்தனை இருக்கு' என்பதுதான். பக்கத்து ஜிம் இரண்டிலும் இரண்டிரண்டுதான், அதிலும் ஒன்றில் எப்போதும் 'பழுது' சீட்டு தொங்குகிறது. ஆறு போட்டால் அதுவே விளம்பரம் இல்லையா?

கப்பியும்_கயிறும்:
கோயம்புத்தூர். ஜிம் மெஷின் சர்வீஸ் செய்வதுதான் தொழில். அந்தப் 'பழுது' சீட்டு ஏன் தொங்குகிறது என்பதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஹெச்பி. கொட்டேஷனில் '6 ஹெச்பி', '7 ஹெச்பி' என்று இருந்தால் அது பீக், அதாவது ஒரு நொடி தொட்டுவிட்டு வரும் உச்சம். நமக்கு வேண்டியது தொடர்ந்து தரும் ஹெச்பி. சந்தேகம் இருந்தால் நீங்களே கணக்குப் போடலாம். ஒரு ஹெச்பி 746 வாட். 7 ஹெச்பி என்றால் 5,200 வாட்டுக்கு மேல். 16 ஆம்பியர் பிளக்கில் 230 வோல்ட்டில் அதிகபட்சம் வருவது 3,680 வாட். அந்த பிளக்கில் மாட்டுகிற மெஷின் 7 ஹெச்பியை எங்கிருந்து தொடர்ந்து எடுக்கும்? ஸ்டிக்கரில்தான் இருக்கும்.

அடுத்து மோட்டார். வீட்டு டிரெட்மில்களில் பெரும்பாலும் டிசி மோட்டார், கார்பன் பிரஷ் தேயும், நாளுக்கு ஒரு மணி நேரம் ஓடினால் பிரச்சினையில்லை. ஜிம்மில் காலை ஐந்து மணிக்குத் தொடங்கி நிற்காமல் ஓட வேண்டியிருப்பதால் ஏசி மோட்டார், வேகத்தைக் கட்டுப்படுத்தத் தனி இன்வெர்ட்டர் டிரைவ் உள்ளதுதான் தாங்கும். சில கடைகளில் வீட்டு மாடலுக்கே பெரிய ஹேண்டில், பெரிய திரை போட்டு 'செமி கமர்ஷியல்' என்பார்கள். அந்த வார்த்தையைக் கேட்டால் மோட்டார் மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

மூன்றாவது, நான் பார்க்கிற பழுதுகளில் பெரும்பங்கு மோட்டாரால் வருவதே இல்லை. பெல்ட்டுக்கும் கீழே உள்ள பலகைக்கும் நடுவில் சிலிக்கோன் எண்ணெய் காய்ந்துபோகும், உராய்வு கூடும், மோட்டார் அதிகக் கரண்ட் இழுக்கும், கடைசியில் மோட்டாரைக் கட்டுப்படுத்தும் எலக்ட்ரானிக் போர்டு எரியும். எண்ணெய் சில நூறு ரூபாய். போர்டின் விலையைக் கேட்டால் ஓனர் அரை நிமிடம் பேசமாட்டார். சாலையோர மாடி என்றால் தூசி வேறு. டிரெட்மில் ஒவ்வொன்றுக்கும் தனி லைன், தனி எம்சிபி (சர்க்யூட் பிரேக்கர்), ஒழுங்கான எர்த். வோல்டேஜ் ஏறி இறங்கும் பகுதி என்றால் ஸ்டெபிலைசர். 3 ஹெச்பி மோட்டார் ஆறு போட்டால் காகிதத்தில் 13 கிலோவாட்டைத் தாண்டுகிறது, கூடவே ஏசி. 3 பேஸ் வணிக இணைப்பில் உங்களுக்கு அனுமதித்த லோடு எவ்வளவு என்று பார்த்தீர்களா?

இடத்தையும் பாருங்கள். டிரெட்மில் 7 அடிக்கு 3 அடி என்று படத்தில் போட்டிருப்பார்கள். பின்னால் இரண்டு மீட்டர் காலியாக விடச் சொல்லி மெஷினோடு வரும் கையேட்டிலேயே இருக்கும், ஏனென்றால் தடுக்கினால் ஆள் பின்னால்தான் பறப்பார். பக்கவாட்டில் அரை மீட்டர். எல்லாம் சேர்த்தால் ஒன்றுக்கு 60 சதுர அடி. ஆறுக்கு 360. அண்ணன் சொன்ன 1,400-இல் கால் பங்கு, அதில் ஆறே பேர்.

மேலே_கீழே_சிமெண்ட்:
சிவில் எஞ்சினியர், சும்மா படித்துக்கொண்டிருந்தேன். முதல் மாடி என்றீர்களே, அது வீட்டுக்காகக் கட்டியதா, கடைக்காகவா? வீட்டுத் தளத்துக்குப் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 200 கிலோ நகரும் பாரம் என்று வைத்து வடிவமைப்போம். உடற்பயிற்சிக் கூடத்துக்கு 500. மெஷின் சும்மா நிற்கும் எடையைவிட ஓடும்போது வரும் அதிர்வும், பார்பெல்லைக் கீழே போடும்போது வரும் அடியும்தான் கவலை. கட்டிட வரைபடத்தை ஒரு ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியரிடம் காட்டிவிட்டு ரேக், டம்பெல் ஸ்டாண்ட் எல்லாம் தூண், பீம் பக்கமாக ஒதுக்குங்கள். நடு ஸ்லாபில் டெட்லிஃப்ட் (பார்பெல்லைத் தரையிலிருந்து தூக்குவது) வேண்டாம். கீழே யார் இருக்கிறார்கள்?

காவிரிக்கரை:
கீழே ஜவுளிக்கடை. ஓனர் இப்போதே 'சத்தம் வராதே?' என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார். கடைக்காகக் கட்டியதுதான், வரைபடம் கேட்டு வாங்குகிறேன் சார்.

பர்ப்பி_பாப்பா:
சென்னையில் குரூப் கிளாஸ் எடுக்கிறேன். நான் கொஞ்சம் வேறு மாதிரி சொல்லப் போகிறேன், இரும்புப்பட்டறை அண்ணன் திட்டாமல் இருந்தால் சரி. மெஷினே எதற்கு? பெங்களூரில் கல்ட் என்ற ஜிம் நிறுவனம் தொடங்கியபோது அவர்கள் விற்றது மெஷின் இல்லாத ஹாலும், ஒரு மணி நேர வகுப்பும், முன்னால் நிற்கும் டிரெய்னரும்தான். கிராஸ்ஃபிட் இடங்களும் அப்படித்தான், பார்பெல், புல்லப் கம்பி, கெட்டில்பெல் (கைப்பிடி வைத்த இரும்புக் குண்டு), பாக்ஸ், ரோயிங் மெஷின், மிச்சம் காலி இடம். இப்போது எல்லோரும் பேசுகிற ஹைராக்ஸ் போட்டி, 2017-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் தொடங்கியது, எட்டு முறை ஒரு கிலோமீட்டர் ஓட்டம், நடுநடுவே எட்டு வேலைகள். ஸ்லெட் தள்ளுவது, இழுப்பது, மணல் மூட்டையைச் சுமந்து முட்டியை மடக்கி மடக்கி நடப்பது, பந்தைச் சுவரில் எறிவது, ரோயிங் என்று போகும். அதற்குப் பயிற்சி கொடுக்க பின் போட்ட மெஷின் ஒன்றுகூட வேண்டாம்.

ஆனால் இங்கே வாங்கும் கணக்கு முற்றிலும் வேறு. ஜிம்மில் ஒரு சாமான் ஒன்று இருந்தால் போதும், ஆள் மாறி மாறி எடுப்பார்கள். வகுப்பில் 12 பேர் ஒரே நேரத்தில் ஒரே வேலை செய்கிறார்கள், ஆகவே 12 கிலோ கெட்டில்பெல் ஒன்று அல்ல, பத்துப் பன்னிரண்டு வேண்டும். வகை குறைவு, எண்ணிக்கை அதிகம். ஏர் பைக், ஃபேன் வைத்த ரோயர், வளைந்த டிரெட்மில் இதெல்லாம் கரண்ட் இல்லாமல் ஓடுபவை, மோட்டாரே கிடையாது, ஃபேன் வைத்தவற்றில் எவ்வளவு வேகமாக இயக்குகிறோமோ அவ்வளவு கனக்கும். மேலே ஒரு பதிவில் வந்த போர்டு எரிகிற கதை அங்கே இல்லை. சென்னையில் இந்த வகுப்புகளுக்கு மாதம் 3,000-க்கு மேலும் கொடுக்கிறார்கள்.

இரும்புப்பட்டறை:
எதற்குத் திட்டப்போகிறேன், சொன்னது சரிதான். ஆனால் அந்த மாடலில் மெஷினுக்குப் போகாத காசு டிரெய்னர் சம்பளத்துக்குப் போகிறது, அதுவும் மாதாமாதம். சொல்லிக்கொடுக்கிற ஆள் நல்லவராக இருந்தால் கூட்டம் அவரைப் பார்த்து வரும், அவர் எதிர் வரிசையில் சொந்தமாகத் தொடங்கினால் கூட்டமும் தெருவைத் தாண்டிவிடும். மெஷின் ராஜினாமா கடிதம் கொடுக்காது. உறையூரில் 900 ரூபாய்க்குப் பழகினவரிடம் 3,000 கேட்கும் துணிச்சல் தம்பிக்கு முதல் மாதமே வருமா என்பதும் இருக்கிறது.

பர்ப்பி_பாப்பா:
ராஜினாமா விஷயம் உண்மை, மறுக்கமாட்டேன். நானே அப்படி வெளியே வந்தவள்தான் :)

வைகை_அக்கா:
மதுரையில் பெண்களுக்கு மட்டும் ஜிம் வைத்திருக்கிறேன். காவிரிக்கரை தம்பி, பெண்கள் வருவார்களா, தனி நேரமா, ஒன்றுமே எழுதவில்லையே. உறையூர் மாதிரிப் பகுதியில் காலை 10-இலிருந்து மாலை 4 வரை உங்கள் இடம் காற்றாடும். அந்த நேரத்தை நிரப்பினால் வாடகை அதிலேயே போய்விடும். ஆனால் 'லேடீஸ் டைம்' என்று போர்டு மட்டும் வைத்தால் போதாது, சாமானும் அதற்கேற்ப இருக்க வேண்டும்.

பெண்களுக்கு என்றாலே ஒரு கிலோ பிங்க் டம்பெலும் வைப்ரேட்டர் பெல்ட்டும் என்று கடைக்காரர் தள்ளிவிடுவார், அதை வாங்காதீர்கள். 1992-இல் டெக்சாஸில் கர்வ்ஸ் என்று பெண்களுக்கான ஜிம் தொடங்கினார்கள். ஹைட்ராலிக் மெஷின்களை வட்டமாகப் போட்டு, 30 நிமிடத்தில் ஒரு சுற்று முடிந்துவிடும். எடை மாற்றவே வேண்டாம், வேகமாகத் தள்ளினால் கனம் கூடும், மெதுவாகத் தள்ளினால் குறையும். எடையைத் தாங்கி மெதுவாக இறக்கும் வேலை அதில் இல்லாததால் மறுநாள் உடம்பு வலி குறைவு, புதிதாக வருகிறவர் ஓடிப்போகமாட்டார். ஆயிரக்கணக்கில் கிளை பரவியது அதனால்தான். ஜப்பானில் வயதான பெண்கள் நடுவே இன்றும் நன்றாக நடக்கிறது. ஆனால் நேற்று 10 கிலோ, இன்று 12 கிலோ என்று சொல்லிக்கொள்ள அதில் எண் கிடையாது. என்னிடம் வருகிற முப்பது வயதுப் பெண்கள் ரீல்ஸ் பார்த்துவிட்டு ஹிப் த்ரஸ்ட் (எடையோடு இடுப்பை மேலே தூக்குவது) எங்கே, ஸ்குவாட் எங்கே என்றுதான் கேட்கிறார்கள். அவர்களுக்கு வட்ட சர்க்யூட் போட்டிருந்தால் இரண்டாவது மாதமே போயிருப்பார்கள்.

ஆகவே பெண்களுக்கான பார்பெல் ஒன்று வாங்குங்கள், 15 கிலோ, பிடி 25 மில்லிமீட்டர். ஆண்களுடையது 20 கிலோ, 28 மில்லிமீட்டர், கை சின்னதாக இருப்பவர்களுக்குப் பிடிப்பு நழுவும். இரண்டு பார்பெல்லுக்கும் பிளேட் மாட்டும் முனை 50 மில்லிமீட்டர்தான், அதனால் பிளேட் தனியாக வாங்க வேண்டாம். 1.25 கிலோ பிளேட் இரண்டு ஜோடி கட்டாயம். மெஷின் எடுத்தால் ஐந்தடி உயரமுள்ள ஒருவரை அழைத்துப்போய் உட்கார வைத்துப் பாருங்கள். நம் ஊர்க் கடைகளில் இருக்கிற பல லெக் எக்ஸ்டென்ஷன் மெஷின்களில் சீட்டை எவ்வளவு முன்னால் தள்ளினாலும் முட்டி வளைவு மெஷினின் அச்சுக்கு நேராக வராது. பெண் டிரெய்னர் இல்லாமல் இதெல்லாம் நடக்காது, அது தனிச் செலவு.

உள்ளீட்டு_வரி:
கணக்காளன். யாரும் தொடாத ஒன்று. 2025 செப்டம்பர் 22 முதல் ஜிம் சேவைக்கு ஜிஎஸ்டி 18-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது, எல்லோரும் மகிழ்ந்தார்கள். ஆனால் உள்ளீட்டு வரி வரவு கிடையாது. முன்பு நீங்கள் மெஷினுக்குக் கட்டிய வரியை, சந்தாவில் வசூலித்த வரியில் கழித்துக்கொள்ளலாம், இப்போது முடியாது. விளையாட்டுப் பொருட்கள் பலவற்றுக்கு வரி குறைந்தாலும் பொது உடற்பயிற்சிக் கருவிகளுக்கு 18 சதவீதம் அப்படியே இருக்கிறது. 25 லட்சத்துக்கு மெஷின் எடுத்தால் மேலே நாலரை லட்சம் வரி, அது போனது போனதுதான். வரியும் சேர்த்துத்தான் 25 என்றால் உங்கள் கையில் உண்மையில் இருப்பது ஏறத்தாழ 21 லட்சத்து 18 ஆயிரம். கொட்டேஷனில் கடைசி வரியில் 'ஜிஎஸ்டி தனி' என்று சின்ன எழுத்தில் இருக்கும், போய்ப் பாருங்கள்.

காவிரிக்கரை:
பார்த்தேன். இருக்கிறது. :(

சரி, நேற்று இரவு உட்கார்ந்து அந்த 30 பேரை எழுதினேன். காலையில் வருவது கல்லூரிப் பையன்கள், வேலைக்குப் போகிறவர்கள். மாலையும் அதேதான். பகலில் பெண்கள், கொஞ்சம் ஓய்வு பெற்றவர்கள். டிரெட்மில் மூன்று, எலிப்டிகல் ஒன்று, ஏர் பைக் ஒன்று. ஸ்பின் பைக், மல்டி ஜிம் அவுட். பவர் ரேக் ஒன்று, ஸ்மித் ஒன்று, கேபிள் கிராஸ்ஓவர் (இரு பக்கமும் கயிறு இழுக்கும் மெஷின்), லாட் புல்டவுன் (மேலிருந்து கம்பியைக் கீழே இழுக்கும் மெஷின்), லெக் பிரஸ், இன்னும் நாலு மெஷின். கட்டணம் 1,200 வைக்கலாம் என்று தோன்றுகிறது. பக்கத்து ஜிம்மைவிட 300 அதிகம் கேட்க இது போதுமா?

இரும்புப்பட்டறை:
இப்போதுதான் ஒரு ஜிம் கண்ணுக்குத் தெரிகிறது. சில மாற்றம் சொல்கிறேன். ரேக் இரண்டு ஆக்குங்கள், ஸ்மித்தை விடுங்கள். மாலை ஏழு மணிக்குக் கல்லூரிப் பையன்கள் ரேக் முன்னால் வரிசை கட்டுவார்கள், ஒரு ரேக்கில் மூன்று பேர் சுற்று வைத்துச் செய்வார்கள், மூன்று டிரெட்மில்லின் விலையில் ரேக், பார், பிளேட் எல்லாம் சேர்ந்தே வந்துவிடும். சாய்வு மாற்றும் பெஞ்ச் குறைந்தது நாலு. எல்லோரும் மெஷினில் பணத்தைக் கொட்டிவிட்டுப் பெஞ்சில் கஞ்சத்தனம் செய்வார்கள், அப்புறம் டம்பெல் கையில் வைத்துக்கொண்டு பத்துப் பேர் சுவரைப் பார்த்து நிற்பார்கள்.

டம்பெல்லும் அப்படித்தான். 2.5 முதல் 25 வரை இரண்டரை கிலோ ஏற்றத்தில் பத்து ஜோடி, மொத்தம் 275 கிலோ. 40 கிலோ வரை போனால் 680 கிலோ. கிலோ கணக்கில்தான் விலை, ஆகவே மேலே போகப்போக ஒவ்வொரு ஜோடியும் கடிக்கும். 1,200 ரூபாய் ஜிம்முக்கு 30 வரை போதும், அந்தக் காசில் 5, 7.5, 10, 12.5 நாலையும் இரட்டை செட்டாக எடுங்கள். பகலில் பெண்கள், காலையில் புதுப் பையன்கள் எல்லோரும் அடித்துக்கொள்வது அதற்குத்தான்.

துறைமுகம்:
தூத்துக்குடி. திருச்சிக்கு இவ்வளவு தேவைப்படாது, இருந்தாலும் இந்த இழையைக் கடற்கரைக்காரர்கள் யாராவது படிப்பார்கள். குரோம் பூசிய பார், மெஷினில் எடை அடுக்கு ஏறி இறங்கும் குரோம் கைடு ராடு எல்லாம் உப்புக்காற்றில் சீக்கிரமே தோலுரியும். நல்ல பவுடர் கோட்டிங், ஸ்டெயின்லெஸ் பார் என்று கேட்டு வாங்குங்கள். ஏசி போட்டு ஜன்னலைச் சாத்தினால் பாதிப் பிரச்சினை தீரும்.

கப்பியும்_கயிறும்:
மெஷின் பற்றி மிச்சம். கேபிள் கிராஸ்ஓவரில் கப்பி விகிதம் கேளுங்கள். சிலவற்றில் 50 கிலோவில் பின் போட்டால் கைக்கு 50 வரும், சிலவற்றில் 25தான் வரும். இரண்டாவது வகை தவறு இல்லை, கயிறு நீளமாக இழுபடும், எடை சிறிது சிறிதாகக் கூடும், பெண்களுக்கும் ஓய்வு பெற்றவர்களுக்கும் அதுவே நல்லது. ஆனால் லாட் புல்டவுனுக்கு அதை வாங்கினால் பையன்கள் ஒரே மாதத்தில் முழு அடுக்கையும் தூக்கிவிட்டு 'வெயிட் பத்தல மாஸ்டர்' என்பார்கள்.

பிளேட் மாட்டும் மெஷினில் கயிறு இல்லை, எடை அடுக்கு இல்லை, அதனால் விலையும் பழுதும் குறைவு. லெக் பிரஸ், செஸ்ட் பிரஸ் அந்த வகையில் எடுக்கலாம். அபார்ட்மெண்ட், ஆபீஸ் ஜிம் போல ஆள் மேற்பார்வை இல்லாத இடத்தில் மட்டும் நான் பின் போடும் மெஷினையே சொல்வேன், பிளேட்டைக் கழற்றி வைக்க அங்கே யாரும் இருக்கமாட்டார்கள், காலில் விழும். எட்டு ஸ்டேஷன் மல்டி ஜிம்மை நீக்கியது நல்ல வேலை, எட்டு பேர் அதில் ஒரே நேரத்தில் இடிக்காமல் செய்து நான் பார்த்ததில்லை.

ரேக் குழாயின் கனம் 3 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்து பாருங்கள். பெயிண்டுக்கு மேல் தெரியாது, போல்ட் ஓட்டையில் தெரியும்.

மேலே_கீழே_சிமெண்ட்:
தரை? யாரும் பட்ஜெட்டில் சேர்க்கவில்லை.

காவிரிக்கரை:
கடைக்காரர் 'மேட் ஃப்ரீ சார்' என்றார்.

இரும்புப்பட்டறை:
அந்த இலவச மேட் குழந்தைகள் விளையாடுகிற நுரை மேட்டாக இருக்கும், டம்பெல் பட்டால் குழி விழும். மற்ற இடத்துக்கு 8 அல்லது 10 மில்லிமீட்டர் ரப்பர், டம்பெல், ரேக் பக்கம் 20-க்கு மேல். டெட்லிஃப்ட்டுக்கு ஓரமாக, இரண்டு அடுக்கு பிளைவுட் மேல் ரப்பர் போட்டு மேடை. கீழே ஜவுளிக்கடை இருக்கிறதே, முதல் செலவு இதுதான். மறுசுழற்சி ரப்பரில் மட்டமானது மாதக்கணக்கில் நாறும், ஒரு துண்டு வாங்கி வெயிலில் வைத்து மோந்து பார்த்துவிட்டு ஆர்டர் கொடுங்கள்.

அப்புறம் 25-ஐயும் செலவழிக்காதீர்கள். நாலைந்து லட்சம் வைத்திருங்கள். திறந்து மூன்று மாதம் ஆனால் எந்தச் சாமான் முன்னால் வரிசை நிற்கிறது, எது துணி காயப்போட மட்டும் பயன்படுகிறது என்று கண்ணாலேயே தெரியும். அப்போது வாங்குவது வீணாகாது.

காவிரிக்கரை:
நன்றி அண்ணே, எல்லோருக்கும். ஸ்மித்தை எடுக்கவில்லை, ரேக் இரண்டு. பகலில் பெண்களுக்கு டிரெய்னர் தேடத் தொடங்கிவிட்டேன், வைகை அக்கா தெரிந்தவர்கள் யாராவது திருச்சியில் இருந்தால் சொல்லுங்கள். கடைசியாக ஒன்று. பெங்களூரில் மூடிய ஜிம் ஒன்றிலிருந்து வெளிநாட்டு டிரெட்மில் மூன்று, புதிதின் பாதி விலைக்கும் கீழே வருகிறது. எடுக்கலாமா?

கப்பியும்_கயிறும்:
போர்டும் பெல்ட்டும் இங்கே கிடைக்கிற மாடலா என்று முதலில் பாருங்கள், மாடல் நம்பரை இங்கே போடுங்கள், சொல்கிறேன். நேரில் போகும்போது 90 கிலோவுக்கு மேல் உள்ள நண்பர் ஒருவரைக் கூட்டிப்போய், மணிக்கு இரண்டு கிலோமீட்டர் வேகத்தில் நடக்க விடுங்கள். காலை வைக்கும்போதெல்லாம் பெல்ட் தயங்கித் தயங்கி நகர்ந்தால் வேண்டாம். நன்றாக ஓடினாலும் பெல்ட்டைத் தூக்கிப் பலகையின் நடுவைத் தொட்டுப் பாருங்கள், பள்ளம் விழுந்திருந்தால் பலகை மாற்றும் செலவைக் கழித்துவிட்டு விலை பேசுங்கள். லாரியில் ஏற்றும்போது நிமிர்த்தி வைக்க விடாதீர்கள்.

வைகை_அக்கா:
தம்பி, திருச்சியில் ஒரு பெண் இருக்கிறாள், என்னிடம் பயிற்சி எடுத்தவள். தனிச் செய்தியில் கேட்டுப் பாருங்கள். சம்பளம் பேசும்போது கஞ்சத்தனம் வேண்டாம்.